நார்ஃபோக்கின் தேவாலயங்கள்: வரைந்தவையும் வரையாமல் விட்டவையும்

இங்கிலாந்தின் கிழக்கே, வட கடலோரமாக இருக்கிறது நார்ஃபோக் மாவட்டம். இடைக்காலத்தில் கட்டப்பட்ட ஊர்த் தேவாலயங்கள் மட்டும் அங்கே 650க்கு மேல் இன்னும் நிற்கின்றன. உலகில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக அவை இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். ஆட்டு ரோம வணிகமும் விளைச்சலும் கொடுத்த பணத்தில் எழுந்தவை அவை. நல்ல கட்டடக் கல் கிடைக்காத நிலம் என்பதால் சுவரெல்லாம் சக்கிமுக்கிக் கல். நாட்டில் உள்ள சுமார் 180 வட்டக் கோபுரத் தேவாலயங்களில் ஏறத்தாழ 125 இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மூலைக்கு வைக்க வெட்டுக்கல் கிடைக்காததால்தான் கோபுரத்தை வட்டமாகக் கட்டினார்கள் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஆய்வாளர்கள் பலர் இப்போது அதை ஏற்பதில்லை.

இவ்வளவு கட்டடங்களும் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தன என்பதை எதைக்கொண்டு அறிவது? கட்டடத்தையே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. விக்டோரியா காலத்துப் புதுப்பிப்பு, கடலரிப்பு, போர், ஆளில்லாமை எல்லாம் அவற்றை மாற்றிவிட்டன, சிலவற்றை இல்லாமலே ஆக்கிவிட்டன. மிச்சம் இருப்பவை படங்கள்: செப்புத் தகட்டு அச்சுகள், கல்லச்சுப் படங்கள், நீர்வண்ண ஓவியங்கள், புகைப்படங்கள், அஞ்சலட்டைகள். இவற்றில் எதை எவ்வளவு நம்பலாம், எதற்கு மதிப்பு அதிகம் என்பதுதான் கேள்வி. கலைச் சந்தை சொல்லும் விலைக்கும் வரலாற்றுக்கு அவை தரும் பயனுக்கும் தொடர்பே இல்லை. நார்ஃபோக்கின் இருநூறு ஆண்டுப் படங்களைப் பார்த்து வந்தால் இது தெளிவாகத் தெரியும்.

தொடக்கம் சொற்களில்தான். ஃபெர்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரின் குருவான ஃபிரான்சிஸ் பிளோம்ஃபீல்டு, 1730களில் தன் வீட்டிலேயே அச்சுக்கூடம் வைத்து நார்ஃபோக்கின் வரலாற்றை ஊர் ஊராக எழுதி வெளியிட ஆரம்பித்தார். ஒவ்வொரு தேவாலயத்திலும் இருந்த கல்லறை வாசகம், குடும்பச் சின்னம், கண்ணாடிச் சாளரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். 1752இல் பெரியம்மை அவரைக் கொண்டுபோனது. எஞ்சியதைச் சார்லஸ் பார்க்கின் முடித்தார். அந்த மாபெரும் நூலில் படங்கள் சொற்பம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஒரு வங்கியாளர்.

கிரேட் யார்மத் துறைமுக நகரில் வங்கி நடத்திய டாசன் டர்னர் தாவரவியல் அறிஞர், பழம்பொருள் ஆர்வலர், அடங்காத சேகரிப்பாளர். பிளோம்ஃபீல்டின் நூலைப் பிரித்து, ஏடுகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான ஓவியங்களையும் அச்சுப் படங்களையும் செருகிக் கட்டிக்கொண்டே போனார். நூல் பருத்துப் பல தொகுதிகளாகப் பெருகியது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதற்காக வரைந்தவர்களில் அவருடைய மனைவி மேரியும் மகள்களும் உண்டு. அவர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்க 1812இல் டர்னர் யார்மத்துக்கு அழைத்து வந்தவர்தான் ஜான் செல் காட்மன். நார்ஃபோக் தேவாலயங்களின் பழைய தோற்றத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அந்த வீட்டுப் பெண்கள் பென்சிலும் தூரிகையுமாக உட்கார்ந்து வரைந்ததால் கிடைத்தது. நூல் டர்னர் பெயரில்தான் பேசப்படுகிறது. அந்தப் பெண்களின் பங்கு இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

காட்மன் மேதை. 1812 முதல் 1818 வரை அவர் வெளியிட்ட நார்ஃபோக் கட்டடத் தொன்மைகள் தொகுப்பில் 60 தகடுகள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து எடுத்த கோடுகளில் கல்லின் சொரசொரப்பையும் வெயிலின் சாய்வையும் கொண்டுவந்தார். காசில் ரைசிங் ஊர்த் தேவாலயத்தின் மேற்கு முகப்பை அவர் வரைந்திருக்கிறார்; நார்மன் காலத்து வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் முகப்பு அது. அந்தக் கோபுரத்தின் உச்சியில் இன்று இருக்கும் கூரை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறியது. அதற்கு முந்திய நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் காட்மன் போன்றவர்களிடம்தான் போக வேண்டும்.

ஆனால் காட்மனுக்குப் பிடித்ததைத்தான் காட்மன் வரைந்தார். நார்மன் வளைவு, பாழடைந்த வாயில், நிழல் நன்றாக விழும் சுவர் ஆகியவை அவர் கண்ணில் பட்டன. அவருடைய தலைமுறை ஓவியர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சதுப்பு நிலத்தில் நிற்கும் செயின்ட் பெனட் மடத்தின் வாயிலையும் அதற்குள்ளேயே யாரோ கட்டிவைத்த காற்றாலையையும் ஒருவர் மாற்றி ஒருவர் வரைந்துகொண்டே இருந்தார்கள். வயல் நடுவே எந்தச் சிறப்பும் இல்லாமல் நின்ற நூற்றுக்கணக்கான தேவாலயங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ராபர்ட் லாட்புரூக். மாவட்டத் தலைநகரான நாரிச்சின் ஓவியர் ஜான் குரோமின் நண்பர். இருவரும் அக்கா தங்கையை மணந்து சகலைகளானார்கள். 1803இல் நாரிச் ஓவியர் சங்கம் தோன்றியபோது அதில் இருந்த லாட்புரூக், 1816இல் அதை உடைத்துக்கொண்டு போனார். கலை வரலாற்றில் குரோமுக்கும் காட்மனுக்கும் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1820களில் அவர் தொடங்கிய வேலை வேறு யாருக்கும் துணிவு வராத வேலை: மாவட்டத்தில் உள்ள தேவாலயங்கள் ஒவ்வொன்றையும் விடாமல் வரைவது. அவரும் மகன் ஜான் பெர்னியும் சேர்ந்து உருவாக்கிய கல்லச்சுப் படங்கள் 650க்கு மேல். தந்தை இறந்த மறு ஆண்டு, 1843இல், ஐந்து தொகுதிகளாக அவை முழுமை பெற்றன.

இந்த வேலை கைகூடியதற்குத் தொழில்நுட்பமும் காரணம். 1790களின் இறுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சில் கோடுகளை ஊசியால் கீறி அமிலத்தில் அரித்தெடுக்கத் தேவையில்லை. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை கொண்ட மையாலோ சுண்ணக்கோலாலோ நேரே வரையலாம். கல்லை நனைத்தால் தண்ணீர் வெற்றிடத்தில் தங்கும், அச்சு மை கோட்டில் மட்டும் பிடிக்கும். செலவு குறைவு, வேகம் அதிகம். தேவாலயத்துக்கு ஒரு படம் என்ற கணக்கு அதனால்தான் சாத்தியமானது.

லாட்புரூக்கின் படங்கள் அழகானவை அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வெளித்தோற்றம் மட்டும். கோபுரம், கூரை, ஜன்னல், ஒரு மரம். மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஓவிய நூல்கள் அவற்றை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனாலும் ஒரு கட்டடத்தின் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் தேடுவது இவற்றைத்தான். விக்டோரியா காலப் புதுப்பிப்பு அலை எழுவதற்குச் சற்று முன்னால், ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில், ஒரே குடும்பத்தின் கண்ணால் மாவட்டம் முழுவதும் பதிவாகியிருப்பதால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. இன்று ஓடு வேய்ந்த கூரை அன்று நாணல் கூரையா? இன்று வெறும் சுவர் இருக்கும் பக்கத்தில் அன்று தாழ்வாரம் இருந்ததா? கோபுரம் அப்போதே இடிந்திருந்ததா? இப்படிப்பட்ட சாதாரணக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருக்கிறது. மேதையின் அறுபது தகடுகளைவிட இந்த அறுநூற்றைம்பது சுமாரான படங்கள் வரலாற்றுக்குப் பெரிய கொடை.

புதுப்பிப்பு அலை என்றது சிறிய விஷயமல்ல. 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கேம்டன் சங்கத்தார் தேவாலயம் என்றால் இடைக்கால வடிவில்தான் இருக்க வேண்டும் என்று அடித்துப் பேசினார்கள். கதவு வைத்த பெட்டி இருக்கைகள், மேல்மாடம், மூன்று அடுக்குப் பிரசங்க பீடம் எல்லாம் வெளியே போயின. சாந்து பூசிய சுவர்கள் சுரண்டப்பட்டன. சாந்தோடு அதில் இருந்த ஓவியமும் போனது. இதை எதிர்த்துத்தான் 1877இல் வில்லியம் மாரிஸ் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குள் நாடெங்கும் பாதிக் கதை முடிந்திருந்தது. வார்ஹம் ஊரின் செயின்ட் மேரி தேவாலயம் போன்ற சில இடங்களில் மட்டும் பெட்டி இருக்கைகளும் உயரமான பீடமும் அப்படியே தங்கிவிட்டன. மற்ற ஊர்களில் உட்புறம் எப்படி இருந்தது என்பதற்கு யாரோ ஒரு குருவின் தங்கை வரைந்து வைத்த நீர்வண்ணப் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கடலோர ஊரான க்ரோமரின் தேவாலயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: இல்லாததைப் புதிதாகக் கட்டிச் சேர்த்தார்கள். சுமார் 160 அடி உயரக் கோபுரம் அதற்கு. மாவட்டத்து ஊர்த் தேவாலயங்களில் மிக உயரம். ஆனால் பலிபீடப் பகுதி 1681இல் இடித்துத் தள்ளப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் படங்களில் கோபுரம் கம்பீரமாக நிற்க, கிழக்கே சிதிலம் கிடக்கிறது. இன்று அங்கே போகிறவர் பார்க்கும் பீடப்பகுதி 1880களில் கட்டடக் கலைஞர் ஆர்தர் பிளோம்ஃபீல்டு கட்டியது. பழைய படம் கையில் இல்லாவிட்டால் அதையும் இடைக்காலக் கட்டடம் என்றே நம்பிவிடத் தோன்றும்.

சுவர்களுக்கு வெளியே இருந்ததைப் போல உள்ளே இருந்த நுணுக்கங்களும் படங்களால்தான் பிழைத்தன. 1845இல் உருவான நார்ஃபோக் நாரிச் தொல்லியல் சங்கம் அழிந்துகொண்டிருந்த ஓவியங்களை நகலெடுக்க முனைந்தது. ரான்வொர்த், பார்ட்டன் டர்ஃப் ஊர்களின் மரத் தடுப்புகளில் 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய புனிதர் உருவங்களை சி. ஜே. டபிள்யூ. விண்டர் வரைந்த தொகுதிகள் 1860களில் வெளிவந்தன. அதற்கும் முன்னால் 1780களில் கிரேவன் ஆர்டு என்பவர் தேவாலயம் தேவாலயமாகப் போய், தரையில் பதித்திருந்த பித்தளைக் கல்லறைத் தகடுகளின் மேல் அச்சு மையைத் தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தை அழுத்திப் படி எடுத்தார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக விழும். கொஞ்ச காலத்தில் இங்கம் ஊரின் தகடுகள் களவு போயின. சர் பிரையன் ஸ்டேபிள்டன் என்ற வீரரின் காலடியில் படுத்திருந்த நாயும், அதன் பெயர் ‘ஜாக்’ என்று பொறித்திருந்ததும் நமக்குத் தெரிகிறதென்றால் அது இப்படிப் படி எடுத்தவர்களால்தான்.

கடலோரத்துக்கு வந்தால் படங்களின் பயன் வேறொரு துறைக்கே தாவுகிறது. எக்கிள்ஸ் என்ற ஊரின் பெரும்பகுதியைக் கடல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விழுங்கிவிட்டது. தேவாலயம் பாழாகி, கோபுரம் மட்டும் மிஞ்சியது. அடி வட்டம், மேல்பகுதி எண்கோணம். புவியியல் மேதை சார்லஸ் லயல் தம்முடைய ‘புவியியல் கோட்பாடுகள்’ நூலின் பிற்காலப் பதிப்புகளில் அந்தக் கோபுரத்தின் இரண்டு படங்களைச் சேர்த்தார். 1839இல் வரைந்த படத்தில் மணல்மேட்டின் நிலப்பக்கச் சரிவில் கோபுரம் பாதி புதைந்து நிற்கிறது. தொலைவில் ஹேஸ்பரோ கலங்கரை விளக்கம். 1862இல் வரைந்த படத்தில் அதே கோபுரம் கடற்கரையில் நிற்கிறது. புயல் மணலை வாரிக்கொண்டு போய் அடித்தளத்தையே காட்டிவிட்டது. கோபுரம் நகரவில்லை. மணல்மேடு அதைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் போயிருக்கிறது. கடல் எவ்வளவு வேகமாக நிலத்தைத் தின்கிறது என்பதற்கு லயலுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பிறகு புகைப்படக்காரர்கள் வந்தார்கள். அலை வந்து மோதும் வெட்டவெளியில் தன்னந்தனியாக நிற்கும் கோபுரத்தின் படங்கள் பல கிடைக்கின்றன. 1895 ஜனவரிப் புயலில் அது விழுந்தது.

சைட்ஸ்ட்ராண்ட் கோபுரத்துக்கு வாய்த்தது புகழ். கடலரிப்புக்குப் பயந்து 1880, 1881 வாக்கில் தேவாலயத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளிக் கட்டினார்கள். பழைய கோபுரத்தைக் கப்பல்காரர்களுக்கு அடையாளமாகக் குன்றின் விளிம்பிலேயே விட்டுவிட்டார்கள். 1883இல் இலண்டன் பத்திரிகையாளர் கிளமென்ட் ஸ்காட் அந்தக் கடற்கரையைக் கசகசாப் பூக்களின் நாடு என்று எழுதித்தள்ள, ரயில் ஏறி மக்கள் குவிந்தார்கள். செம்பூக்களுக்கு நடுவே கோபுரம் நிற்கும் காட்சி எண்ணற்ற அஞ்சலட்டைகளில் ஏறியது. 1916இல் கோபுரம் கடலில் சரிந்தது. அதை எந்தக் கோணத்திலும் பார்க்கலாம், அத்தனை படங்கள் இருக்கின்றன. க்ரோமருக்கு எதிரே கடலடியில் கிடக்கும் ஷிப்டன் தேவாலயமோ 14ஆம் நூற்றாண்டில் மூழ்கியது. அதற்கு ஒரு கோட்டுப் படம்கூட இல்லை. தேவாலயப் பாறை என்று மீனவர்கள் சொல்லிவந்த அதன் சிதைவில் 1888இல் ஓர் உல்லாசப் படகு மோதிய பிறகு அதையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அஞ்சலட்டைகள் பெரும்பாலானவற்றில் தேதி இருக்காது. ஆனால் கூர்ந்து பார்த்தால் காலத்தைக் கணிக்க வழிகள் உண்டு. 1902 வரை பிரிட்டனில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் கிறுக்க வேண்டும். அந்த ஆண்டு தபால் துறை விதியைத் தளர்த்தியதும் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஆகவே நடுவே கோடு இருந்தால் 1902க்குப் பிந்தியது. அரை பென்னி தபால்தலை ஒட்டியிருந்தால் 1918 ஜூனுக்கு முந்தியது என்று சொல்லலாம். அதன் பிறகு கட்டணம் ஒரு பென்னி ஆனது. படத்துக்குள்ளும் தடயங்கள் இருக்கும். தேவாலய முற்றத்தில் போர் நினைவுச் சிலுவை தெரிந்தால் முதல் உலகப் போருக்குப் பிறகு எடுத்தது. இரும்பு வேலி நின்றால் பெரும்பாலும் இரண்டாம் போருக்கு முன்னால். போர்க்காலத்தில் இரும்புக்காகப் பல வேலிகளை அறுத்துக்கொண்டு போனார்கள். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: அட்டை தபாலில் போன தேதி, படம் எடுத்த தேதி அல்ல. ஃபிரான்சிஸ் ஃப்ரித் நிறுவனம் போன்றவை பழைய கண்ணாடித் தகட்டிலிருந்தே ஆண்டுக்கணக்கில் அச்சடித்து விற்றுவந்தன.

இதுவரை சொன்னதெல்லாம் இங்கிலாந்துத் திருச்சபையின் ஊர்த் தேவாலயங்களைப் பற்றி. அந்தச் சபையை விட்டுப் பிரிந்த மெதடிஸ்ட்டுகள், பாப்டிஸ்ட்டுகள், குவேக்கர்கள் கட்டிய ஜெபக்கூடங்கள் நார்ஃபோக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு இருந்தன. லாட்புரூக்கின் ஐந்து தொகுதிகளில் அவற்றுக்கு இடமில்லை. நாரிச் நகரத்தின் நிலை கொஞ்சம் பரவாயில்லை. ஜேம்ஸ் சில்லெட் 1828இல் வெளியிட்ட நாரிச் கட்டடப் படத்தொகுதி, தேவாலயங்களோடு ஜெபக்கூடங்களையும் சேர்த்தே தலைப்பில் சொல்கிறது. அந்நகரின் எண்கோண ஜெபக்கூடம், 1756இல் தாமஸ் ஐவரி கட்டியது, மறு ஆண்டே ஜான் வெஸ்லியின் பாராட்டைப் பெற்றது. வசதியான வணிகர்களின் கூடம் அது. படம் வரைந்து விற்றால் வாங்க ஆள் இருந்தது.

கிராமத்துக் கூலிக்காரர்களின் கூடத்துக்கு அப்படி யார் இருந்தார்கள்? பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்டுகள் 1820களில் நார்ஃபோக்கில் பரவியபோது முதலில் வீடுகளிலும் களஞ்சியத்திலும் கூடினார்கள். பிறகு காசு சேர்த்துச் சிறிய செங்கல் கூடங்கள் கட்டினார்கள். பண்ணையாரும் குருவும் தேவாலயத்தில், பண்ணையாள் ஜெபக்கூடத்தில். மேடையில் நின்று பேசவும், கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும் அங்கேதான் அவர்கள் கற்றார்கள். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 1850இல் கொடிய வறுமையில் பிறந்தவர். எழுதப் படிக்க மனைவிதான் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பிரசங்கியாரான அவர் 1906இல் நார்த் வால்ஷமில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1920இல் நாடாளுமன்றத்துக்கே போனார். இங்கிலாந்தின் கிராமப்புறத் தொழிலாளர் வரலாறு இந்தக் கூடங்களில் முளைத்தது. அவற்றின் 19ஆம் நூற்றாண்டுப் படங்களோ விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன.

இருப்பவை பெரும்பாலும் 1900க்குப் பிந்திய அஞ்சலட்டைகளும் குடும்பப் புகைப்படங்களும். அடிக்கல் நாட்டு விழா, ஞாயிறு பள்ளி ஆண்டுவிழா, வண்டியில் ஏறி உல்லாசப் பயணம் புறப்படும் பிள்ளைகள். இவற்றில் கட்டடம் பின்னணியில் ஒதுங்கி நிற்கிறது, மனிதர்கள் முன்னே நிற்கிறார்கள். லாட்புரூக்கின் ஆளரவமற்ற தேவாலயங்களைப் பார்த்துவிட்டு இவற்றைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1932இல் மூன்று மெதடிஸ்ட் பிரிவுகள் இணைந்ததும், ஒரே ஊரில் இரண்டு கூடம் எதற்கு என்று பலவற்றை மூடினார்கள். விற்றுப் பட்டறையாக, கிடங்காக, வீடாக மாற்றினார்கள். மாறுவதற்கு முன் எடுத்த படம் பலவற்றுக்கு இல்லை.

கத்தோலிக்கரின் ஒரு சிற்றாலயத்துக்கும் இதில் இடம் உண்டு. வால்சிங்ஹம் மாதா திருத்தலத்துக்கு ஒரு மைல் முன்னால், 14ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறிய கோயில். யாத்திரிகர்கள் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு மிச்ச தூரத்தை வெறுங்காலோடு நடப்பார்கள் என்பது வழிவழிச் செய்தி. மதச் சீர்திருத்தத்துக்குப் பின் அது களஞ்சியமாகவும் மாட்டுக்கொட்டிலாகவும் கிடந்தது. 1896இல் ஷார்லட் பாய்ட் என்ற பெண்மணி வாங்கிச் சீரமைத்தார். 1934இல் தேசியத் திருத்தலமானது. பிரிட்டனில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்கள், பெரும்பாலும் ஈழத்திலிருந்து போனவர்கள், ஆண்டுதோறும் ஜூலையில் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். தமிழ்ப் பாடலோடு மாதா சுரூபம் பவனி போகும் அந்தப் படங்களும் இனி நார்ஃபோக்கின் ஆவணம்தான்.

1942 ஏப்ரல் இறுதியில் ஜெர்மன் விமானங்கள் நாரிச் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். செயின்ட் பெனடிக்ட், செயின்ட் ஜூலியன், செயின்ட் பால், செயின்ட் மைக்கேல் அட் தார்ன் ஆகிய இடைக்காலத் தேவாலயங்கள் அந்த ஆண்டுத் தாக்குதல்களில் அழிந்தன. நல்லவேளையாக, ஜார்ஜ் பிளங்கெட் என்ற இளைஞர் 1931 முதலே சைக்கிளும் காமிராவுமாகத் தன் நகரத்தைத் தெருத் தெருவாகப் படம் பிடித்துவந்தார். தொழில்முறைப் படக்காரர் அல்ல. இடிந்துபோகும் முன் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு மட்டும்தான். குண்டு விழுவதற்கு முன்னும் பின்னும் அவர் எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இழப்பின் அளவு தெரிகிறது. செயின்ட் ஜூலியன் 1953இல் மீண்டும் எழுந்தது. ஞானி ஜூலியன் வாழ்ந்த அறையிருந்த இடத்துக்கு இன்று திறக்கும் நார்மன் வாசல், அழிந்த செயின்ட் மைக்கேலிலிருந்து கொண்டுவந்தது. செயின்ட் பெனடிக்டின் வட்டக் கோபுரம் மட்டும் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கிறது. மாவட்டத்தின் தெற்கே ராணுவம் பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட டாட்டிங்டன், வெஸ்ட் டாஃப்ட்ஸ் முதலிய ஊர்களிலிருந்து அதே 1942இல் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேவாலயங்கள் வேலிக்குள் நிற்கின்றன, நினைத்த நேரத்தில் யாரும் போக முடியாது. அந்த ஊர்களின் பழைய புகைப்படங்கள் வெளியேறிய குடும்பங்களுக்கு எவ்வளவு அருமையானவை என்று சொல்லத் தேவையில்லை.

நாடு முழுவதும் கட்டடங்களைப் படமெடுக்கத் தேசியக் கட்டடப் பதிவகம் 1941இல் தோன்றியதும் இதே அச்சத்தால்தான். அந்தச் சேகரிப்பு இன்று ஸ்விண்டன் நகரில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

சேகரித்துவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு நாரிச் நகரம் 1994 ஆகஸ்ட் 1ஆம் தேதி பதில் கண்டது. மின்கசிவில் மத்திய நூலகம் எரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பல். உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குப் பேரிழப்பு. கீழ்த்தளத்தில் இருந்த மாவட்ட ஆவணங்கள் நனைந்தாலும் பிழைத்தன. அச்சிட்ட படத்துக்கு வேறெங்கோ ஒரு பிரதி கிடைக்கும். ஒரே பிரதியாக இருக்கும் புகைப்படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்று மாவட்ட நூலகத் துறையின் ‘பிக்சர் நார்ஃபோக்’ தொகுப்பில் 20,000க்கும் மேற்பட்ட படங்களை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கவிஞர் ஜான் பெட்ஜமன் 1974இல் பிபிசிக்காக நாரிச் மறைமாவட்டத்துத் தேவாலயங்களைப் பற்றி எடுத்த படம், அசையாப் படங்கள் தர முடியாததைத் தந்தது: மணியோசை, தேநீர் விருந்து, ஒருவரும் வராத தேவாலயத்திலும் தவறாமல் ஜெபம் வாசிக்கும் குரு. கட்டடம் எதற்காக நிற்கிறது என்பதை அந்த நிமிடங்கள் காட்டுகின்றன.

தேவாலயங்களைப் பொறுத்தவரை இனி கவலை குறைவு. ஒவ்வொன்றையும் இன்று நூறு பேர் படமெடுக்கிறார்கள், அறக்கட்டளைகள் காவலிருக்கின்றன. அவசரம் ஜெபக்கூடங்களுக்குத்தான். ஒரு கூடம் மூடப்படும்போது உள்ளூர்க்காரர் ஒருவர் முகப்பைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வீடாக மாறியபின் முகப்பு எப்படியும் நிற்கும். போய்விடுவது உள்ளே இருப்பவைதான். பிரசங்க மேடை, பாட்டு எண் மாட்டும் பலகை, ஆர்மோனியம், பிரசங்கியார் கண்ணில் படும்படி எதிர்ச்சுவரில் தொங்கும் கடிகாரம், ஞாயிறு பள்ளியின் துணிக்கொடி, இவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். முகப்பில் வரிசையாகப் பதித்த அடிக்கற்களில் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கும். சாய்வெயிலில் எடுத்தால் எழுத்து நன்றாகத் தெரியும். ஊர்ப் பெயரையும் தேதியையும் படத்தோடு எழுதி, ஒரு பிரதியை நாரிச்சில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்திலும் இன்னொன்றை ஸ்விண்டனிலும் சேர்த்துவிடலாம்.